இடக்கைக்காரியின் பிறந்தநாள்

என் மகளுக்கு ஐந்து வயது முடிந்த அன்று வீட்டுக்கு வந்த எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "என்னமா வளந்துட்டா." வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்கள். சிலர் அவளைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லி முடித்துவிட்டார்கள். குழந்தைகள் வளரும் என்பதைப் பெரம்பலூரில் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்களோ என்னவோ.

எதில் வளர்ந்திருக்கிறாள் என்று திருப்பிக் கேட்டால் ஒருவரிடமும் பதில் இருக்காது. அவர்களுக்குத் தெரிந்த வளர்ச்சி உயரமும் இங்கிலீஷ் ரைம்ஸும்தான். வந்ததும் வராததுமாக ஒரு ரைம்ஸ் சொல்லச் சொன்னார்கள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டீ வந்தது. டீயைப் பார்த்தவுடன் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் மட்டும் பாவம், கடைசி வரி வரை சொல்லி முடித்துவிட்டு நின்றாள்.

நான் கவனித்துக்கொண்டிருந்தது வேறு. என் மகள் இடக்கைக்காரி. உட்காரப் பழகிய நாளிலிருந்து எதைக் கொடுத்தாலும் இடது கைதான் முதலில் நீளும். சோறு, பென்சில், சீப்பு, பிரஷ், எல்லாம் அந்தக் கைதான். இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்தக் கை ஒரு குற்றம் என்ற நினைப்பு அவளுக்கு வந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் என் கவலை. படிப்பு சுமாராக வந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். இது ஒன்றை மட்டும் யாரும் அவளிடமிருந்து பிடுங்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

ஆனால் ஒரு சின்னக் கையைத் திருத்த இத்தனை பேர் வேலைவெட்டியை விட்டுவிட்டு வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. தெருமுனைக் கடைக்காரர், மிட்டாய்க்கு நீட்டிய கையைப் பார்த்ததும் மிட்டாயைப் பின்னால் இழுத்துக்கொண்டு, நல்ல கையால் வாங்கச் சொன்னார். அவர் கடையில் அரிசி மூட்டைமேல் எலி ஓடும். அந்த எலிக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. டியூஷன் எடுக்கும் பெண், பென்சிலைக் கை மாற்றி மாற்றிக் கொடுத்து, பாப்பா எழுதவே மாட்டேன் என்கிறாள் என்று எங்களிடமே புகார் சொன்னாள்.

எல்லோரையும் மிஞ்சியவள் என் அக்கா. ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் லாரி காண்ட்ராக்ட் எடுக்கிறவரின் மனைவி. கோடை விடுமுறைக்கு வந்தபோது பிள்ளைக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வந்தாள். பாசம் என்றுதான் நானும் நினைத்தேன். அத்தனையையும் இடது கையில் அடுக்கினாள். வலது கையில் ஒன்றுகூட இல்லை. இடது கை அசைந்தால் சத்தம் கேட்கும், கேட்டதும் அதட்டலாம் என்பது திட்டம். சமையல்கட்டில் நின்றுகொண்டே கூடத்தில் இருக்கும் பிள்ளையை அதட்டினாள். இவ்வளவு மூளையை வேறு எதிலாவது செலவழித்திருந்தால் அக்கா எங்கேயோ போயிருப்பாள்.

இரண்டாம் நாள் நான் பார்த்தது இது. பிள்ளை வலது கையால் வளையல்களைச் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், இடது கையால் முறுக்கை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். அப்போதே வளையல்களைக் கழற்றி அக்கா பைக்குள் போட்டேன்.

அக்கா விடவில்லை. "நாளைக்கு இன்னொரு வூட்டுக்குப் போற புள்ளடா. பீச்சாங்கையால சோறு போட்டா எவன்டா திம்பான்?"

அவன் வலது கையால் போட்டுத் தின்னட்டும் என்றேன். அன்று சாயங்காலமே அக்கா ஊருக்குக் கிளம்பிவிட்டாள். என் மனைவி இரண்டு பக்கமும் பேசவில்லை. பந்தியில் உட்காரும்போது பிள்ளை பக்கத்து இலைக்காரரோடு முட்டிக்கொள்வாளே என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

பிறந்தநாளுக்கு அக்கா கோபத்தை மறந்து வந்தாள். கேக் அவள் செலவு. பெரம்பலூர்க் கேக்கெல்லாம் வாயில் வைக்க முடியாதாம். அரியலூரில் சொல்லிவைத்து, பிள்ளையின் போட்டோவை மேலே அச்சடித்து வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடிக் குதறிப்போட்ட ரோட்டில் அந்தக் கேக் குலுங்கி வந்து சேர்ந்தபோது போட்டோவில் மூக்கு கன்னத்துக்கு நகர்ந்திருந்தது. ஆனாலும் எல்லோரும், அப்படியே அச்சு அசலாகப் பாப்பா மாதிரியே இருக்கிறது என்றார்கள்.

மெழுகுவத்தி ஏற்றினார்கள். கத்தியைப் பிள்ளை இடது கையில் எடுத்தாள். கூடமே பதறியது. போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, கையை மாத்தச் சொல்லுங்க என்றார். தாலி கட்டும் நேரத்தில்கூட அவர் அவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்க மாட்டார். அக்கா பின்னாலிருந்து வந்து பிள்ளையின் வலது கையைப் பிடித்து, கத்தியைத் திணித்து, தானே அழுத்தி வெட்டினாள். படத்தில் பிள்ளை கேக் வெட்டுகிறாள். உண்மையில் வெட்டியது என் அக்கா. எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்து ஊட்டும் சடங்கு. பிறந்தநாள் குழந்தை ஒவ்வொருவர் வாயிலும் ஒரு துண்டு வைக்க வேண்டும், அதைப் படம் எடுக்க வேண்டும். அத்தைக்குத்தான் முதல் துண்டு. என் மகள் வெகு ஆசையாக, தன் வழக்கப்படி இடது கையில் எடுத்து நீட்டினாள். அக்கா வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"அத்தைக்கு யாராச்சும் பீச்சாங்கையால ஊட்டுவாங்களாடி?"

கூடம் சிரித்தது. பிள்ளையும் கூடவே சிரித்தாள். எதற்கு என்று தெரியாத சிரிப்பு. துண்டை வலது கைக்கு மாற்றினாள். அது அவளுக்குப் பழகாத கை. பாதி கேக் அக்காவின் பட்டுப்புடவையில் விழுந்தது. அப்போதும் திட்டு பிள்ளைக்குத்தான்.

அக்காவின் கணவர் சும்மா இருந்திருக்கலாம். அவர் விவரம் தெரிந்தவர் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. பிள்ளை வலது கையில் துண்டை எடுத்துக்கொண்டு போனதும் அவர் தடுத்தார்.

"மாமாவுக்கு அந்தக் கையாலயே குடு. லெஃப்ட்டு கைக்காரங்கல்லாம் பெரிய மூளைக்காரங்க. மாமாவுக்கு யோகம் அடிக்கட்டும்."

அவள் கையை மாற்றினாள். ஒருத்திக்கு அந்தக் கை அசிங்கம், இன்னொருவருக்கு அதுவே லாட்டரிச் சீட்டு. அதைப் பிள்ளையின் கை என்று பார்க்க அந்தக் கூடத்தில் ஆள் இல்லை. நான் மட்டும்தான் என்று மனதுக்குள் கர்வமாக நினைத்துக்கொண்டேன். இவர்கள் நாளை கிளம்பிவிடுவார்கள், என் பிள்ளை என்னிடம்தானே இருக்கப் போகிறாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பிறகு தன் அம்மாவுக்கு ஊட்டப் போனாள். என் மனைவி அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வலது கையைத் தொட்டுக் காட்டினாள். பிள்ளை அப்படியே செய்தாள்.

கடைசியாக என்னிடம் வந்தாள். நான் குனிந்து வாயைத் திறந்தேன். அவள் ஊட்டவில்லை. துண்டைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, என் முகத்தைக் கூர்ந்து பார்த்து, மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, உனக்கு எந்தக் கை?"

அத்தைக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒன்று இருக்கும் என்று முடிவுசெய்திருக்கிறாள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு ஆள். போட்டோக்காரர், சார் இங்க பாருங்க என்று கத்திக்கொண்டிருந்தார்.

"உனக்கு எந்தக் கை வசதியோ அந்தக் கையால குடும்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. திரும்பி அத்தையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் கவுனுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீயே எடுத்துக்கப்பா" என்றாள்.