நனையாத தாள்

சனிக்கிழமை மாலை. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய மாதா கோயில் பெஞ்சில் காத்திருக்கிறேன். பின்னால் யாரோ பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கிறார்கள். அந்தச் சரசரப்பில் கண் சொக்குகிறது. இராஜாக்கமங்கலத்துப் பக்கம் எங்கள் கடற்கரை விரிகிறது.

அப்போது எனக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை, வாங்கும் சிறு வயது. ஒன்றும் விட்டுப்போகக் கூடாதென்று பாவங்களைத் தாளில் எழுதிக்கொண்டுபோய்ச் சாமியாரிடம் சொன்னேன். மன்னிப்பும் கிடைத்தது. ஆனால் தாளை என்ன செய்வது? ஒரு கவரில் திணித்து, கல் வைத்து இறுகக் கட்டிக் கடலில் எறிந்தேன். வீடு வரை கால் மணலில் படாமல் நடந்ததுபோல் இருந்தது.

திங்கட்கிழமை அப்பாவும் கூட்டாளிகளும் கரமடி வலையைக் கரைக்கு இழுத்தார்கள். வெள்ளியாய்த் துள்ளிய சாளை மீன்களுக்கு நடுவில் என் கவர் கிடந்தது. அப்பா பிரித்தார். உள்ளே தாள் நனையவே இல்லை.

"ஏட்டி, இது உனக்க எழுத்துல்லா?"

நான் தாளைப் பிடுங்கக் கை நீட்டினேன்.

"நான் வாசிக்கல்ல மக்கா" என்று மடித்து என் கையில் வைத்தார். "சாமியாருட்ட சொன்னத கடலுக்கும் எதுக்குட்டி குடுத்த? அது என்ன பாவம் செஞ்சுது?"

சரசரப்பு நின்றுவிட்டது. என் முறை வந்துவிட்டது. கோபம், பொறாமை, பொய் எல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம், தாள் தேவையில்லை. முழந்தாளிடும்போதுதான், காலையில் ஸ்கூட்டரை நிறுத்தாமலே கால்வாய்க்குள் வீசிய குப்பைப் பை ஞாபகம் வருகிறது.

சாமியாரிடம் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.