வெள்ளிக்கிழமைத் தோல்

பூவம்மாவுக்கு வெங்காயத் தோலில்தான் பிழைப்பு. ஓட்டல்களுக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கும் திருவொற்றியூர் கம்பெனி ஒன்றில், பதினோரு வருடமாகத் தோல் கொட்டகை அவள் பொறுப்பு. நான் அங்கே பாய்லர் பார்க்கிறவன். அக்கா பஸ்ஸில் ஏறினால் கண்டக்டருக்கே கண் எரியும் என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே திட்டுவாள்.

முன்பெல்லாம் அந்தத் தோல் குப்பை லாரிக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு முன் முதலாளி சிவந்தி அண்ணாச்சி, டாக்டர் ரவிக்குமாரைக் கூட்டி வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். தோலில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறதாம், உடம்பு உள்ளுக்குள் துருப்பிடிக்காமல் காக்குமாம். தோலை அரைத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடித்துச் சுண்டக் காய்ச்சினால் பழுப்பாய் ஒரு பொடி. அதை மாத்திரையாக்கினால் பணக்காரர்கள் விழுங்குவார்களாம். வாய்க்கு ருசியாய் வெங்காயத்தையே தின்றால் என்ன குறைச்சல் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பாய்லருக்கு வேறு ஆள் வந்துவிடும்.

தினமும் பொடியைப் பரிசோதிப்பார்கள். வெள்ளிக்கிழமைச் சரக்கில் மட்டும் சத்து இரண்டு மடங்கு காட்டும். டாக்டர் மண்டையைக் குடைந்து, எண்ணூர் கடற்காற்றின் ஈரம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். அதைக் கட்டுரையாக்கிப் பெங்களூரில் வாசித்து, சால்வையோடு திரும்பினார். கடற்காற்று வெள்ளிக்கிழமை மட்டும்தான் வீசும் என்பது இத்தனை நாள் எண்ணூர் மீன்காரர்களுக்கே தெரியாமல் போயிற்று. வெள்ளிக்கிழமைப் பொடியைப் பார்த்து மயங்கிய ஒரு மாத்திரைக் கம்பெனி, எல்லா நாளும் அதே சத்து வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டது.

டாக்டருக்குப் பூவம்மாவைக் கண்டாலே ஆகாது. கையுறை போடமாட்டாள். "இந்த மாதிரி ஆளுங்களை வெச்சிக்கிட்டு சயின்ஸ் பண்ண முடியாது" என்று அவள் காதில் விழவே சொன்னார். அவள் செய்துவந்த தோல் பிரிக்கும் வேலைக்கு மிஷின் வந்தது, மறுநாளே அவளை நிறுத்தினார்கள். புருஷன் இல்லாதவள். மகள் மாயா நர்சிங் இரண்டாம் வருடம். இந்த வேலை போனால் அந்தப் படிப்பும் போச்சு. எனக்கும் அது தெரியும். ஆனாலும் பாய்லரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சத்து ஏறவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. அண்ணாச்சி கத்திய கத்தலில், பூவம்மா போன பிறகுதான் இப்படி என்று உறைத்து, டாக்டர் என்னை வழிகாட்டச் சொல்லி எம்.கே.பி. நகரில் அவள் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"இன்னா சார், வூடு தேடி வந்துக்கீற?" என்றாள் பூவம்மா.

"வெள்ளிக்கிழமை மட்டும் நீங்க என்ன வித்தியாசமா செய்வீங்கம்மா?"

"இன்னா செய்வாங்க? மஞ்சத் தண்ணிய கெட்டியா கரைச்சு தோலு மேல நல்லா தெளிப்பேன். கண்ணு படக்கூடாது, தொழிலு நல்லா நடக்கணும்னுதான்."

மஞ்சளிலும் அதே மாதிரிச் சத்து கொட்டிக் கிடக்கிறது. இரண்டு வருட ஆராய்ச்சியும் சால்வையும் அவள் குடத்திலிருந்து வந்தவை. டாக்டர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கே வந்துடுங்கம்மா. நிரந்தர வேலை. தினமும் தெளிங்க, போதும். வெளியில யாருக்கும் சொல்ல வேணாம்."

பூவம்மா கொடியில் காய்ந்த மாயாவின் வெள்ளைச் சீருடையைப் பார்த்தாள். "ஒத்துக்கோக்கா" என்று நான் முணுமுணுத்தேன்.

"வெள்ளிக்கெயம தெளிச்சது சாமிக்கு, சார்" என்றாள் அவள். "தெனமும் தெளிச்சா அதுக்குப் பேரு கலப்படம். காசு குடுத்து மாத்திர துன்றவன் இன்னா பாவம் பண்ணான்? வெங்காயம் உரிக்க ஆள் வோணும்னா சொல்லு, வரேன். இது நம்மால ஆவாது."

உரிக்க ஆள் வேண்டும் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை.

மறுநாள் காலை கம்பெனி வாசலில் நான்கு மூட்டை மஞ்சள் தூள் வந்து இறங்கியது. இறக்கி வைத்தது நான்தான்.