மைக்கில் வராத குரல்

ஆரணியில் ஒரு பட்டுக்கடைத் திறப்பு விழாவுக்கு நான்தான் மைக் செட் வைத்தேன். பாட வந்தவர் களம்பூர்ப் பெண். இரண்டு ஆல்பமும் சில வீடியோக்களும் அவரை எல்லோருக்கும் தெரிந்த முகமாக்கியிருந்தன. அவர் நடித்த முதல் படமும் வரவிருந்தது. அந்த வெயிலிலும் கழுத்தில் சால்வை. அடிக்கடி பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்தார்.

மேடையேறுமுன் என்னிடம் பென்டிரைவைக் கொடுத்தார். "தொண்டையில ஆபரேசன் ஆச்சிண்ணா, பாட்டு வர்ல. நான் வாய்தான் அசைப்பேன். நடுவுல நின்னுடாம பாத்துக்கங்க." பேச்சே காற்றாகத்தான் வந்தது.

இரண்டாவது பாட்டில் லேப்டாப் நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. என்னையே பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. நான் மைக் வயரைப் பிடுங்கிவிட்டு, "மைக்கு போயிடுச்சிங்க, என் தப்புதான்," என்று கத்தினேன். கடை முதலாளி எல்லோர் எதிரிலும் என்னைத் திட்டினார்.

இறங்கி வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படத்துலயும் வேற பொண்ணு குரல்தாண்ணா. ஆபரேசனுக்கு முன்னாடியே நான் பாடிட்டேன்னு எங்கம்மா நெனச்சிகினு இருக்குது. தியேட்டர்ல கேட்டா கண்டுபிடிச்சிடுமா?"

"தெரியலம்மா," என்றேன்.

படம் வந்த அன்றே போனேன். எனக்கு முன்வரிசையில் அவரும் அவர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பாட்டுக்குத் தியேட்டரே கைதட்டியது. அம்மா திரையைப் பார்க்கவில்லை. மகளின் தொண்டையில் கை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வரியில் தெரிந்துகொண்டாரோ, எனக்குத் தெரியாது.