கதவைப் பார்த்த நாற்காலி

அந்த முடிதிருத்துநருக்கு வயது நாற்பத்து மூன்று. நான்கு ஆண்டுகளாக அவர் தலையில் எவர் கத்திரியும் பட்டதில்லை. செய்யாத திருட்டுக்காக அவரைக் காவலில் வைத்து வதைத்தவர்கள் எப்போதும் பின்னால் நின்றுதான் அடித்தார்கள். வெளியே வந்த பிறகும், முதுகுப் பக்கம் ஆள் நின்றாலே அவருக்கு வியர்த்துக் கொட்டும்.

அதனால் தன்னைப் போன்றவர்களுக்காகத் தன் கடையில் ஒரு நாற்காலியைக் கதவைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். "இப்ப கத்திரி காதுகிட்ட வருது" என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் வெட்டுவார். சித்திரவதையிலிருந்து மீண்ட பலர் அவரைத் தேடி வந்தார்கள். சித்திரவதைக்கு எதிரான நாள் கூட்டத்தில் அவரைப் பேசவும் அழைத்தார்கள்.

"இந்தக் காட்டோடயா மேடை ஏறப் போறீங்க மாமா? மைக்கே மிரண்டுடும்" என்றார் கடையில் கூட வேலை செய்யும் மனைவியின் தம்பி.

அவர் சிரித்துவிட்டு, அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

"சொல்லிச் சொல்லி வெட்டு."

"சரி, கத்திரி பிடரிக்கு வருது. வேணாம்னா கையைத் தூக்குங்க."

கை சட்டென்று எழுந்தது. மைத்துனர் முன்பக்கம் வந்து நின்றார்.

சற்றுப் பொறுத்துக் கை இறங்கியது. "ம், வெட்டுப்பா."

ஜூன் 26 மாலை ஐந்து மணிக்கு அந்தக் கூட்டத்தில் அவர் பேசுகிறார்.