கல் எந்தப் பக்கம்?

சின்னப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்துகிறவளுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது பிறந்ததிலிருந்தே கிடையாது. மாட்டுங்காவிலிருந்து தாராவி ஒரு ஸ்டேஷன் தூரம்தான்; அதற்குள்ளேயே ரயிலில் இடிபட்டு, பள்ளிக்குள் நுழையும்போது மூக்குக்கு மேல் கோபம் இருக்கும். என் நாலாம் வகுப்பில் பாடப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தவளும் உண்டு, அதைத் தலைகீழாகப் பிடித்திருப்பவனும் உண்டு. எல்லாருக்கும் அதே ராஜாதான்.

"ராஜாவிடம் பெரிய படை இருந்தது" என்றேன் ஒருநாள்.

"எங்க டீச்சர், தொடையிலயா?" என்று ஒருவன் அக்கறையாகக் கேட்டான். மழைக்காலத்தில் அவனுக்குத் தெரிந்த படை அது ஒன்றுதான். வகுப்பு சிரித்து அடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது.

ஆனால் எனக்குக் கிறுக்குப் பிடிக்க வைத்தவள் ஒரு பெண். வாயைத் திறந்தால் கதை கொட்டும்; எழுத்தைக் காட்டினால் கொட்டாவி விடுவாள். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், சந்தில் இந்தி. இந்தியில் நேற்றும் 'கல்', நாளையும் 'கல்'. அந்த ஒரே கல்லை வைத்துக்கொண்டு அவள் தமிழிலும் காலம் தள்ளினாள். "கல் காய்ச்சல், டீச்சர்" என்பாள். வந்த காய்ச்சலா, வரப்போகிற காய்ச்சலா, கடவுளுக்கே வெளிச்சம்.

தலைமை ஆசிரியைக்கு இது பொறுக்கவில்லை. "முன்ன பின்ன தெரியாத பொண்ணுக்கு வரலாறு எதுக்கு? திங்கட்கிழமை நானே வந்து பாக்கறேன். தேறலைன்னா ரெண்டாங்கிளாஸ்ல ஒக்காரட்டும்" என்றார். ரெண்டாம் வகுப்பில் அவளுடைய சொந்தத் தம்பி படித்தான். அன்றைக்கு அவள் ஒரு கதையும் சொல்லவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது.

எழுத்தே வேண்டாம் என்று முடிவு செய்தேன். வகுப்பின் குறுக்கே துணி காயப்போடும் கயிறு ஒன்றைக் கட்டினேன். ஜன்னல் பக்கம் பழசு, நடுவில் இன்றைக்கு, கதவுப் பக்கம் இனி வரப்போவது. அவரவர் வீட்டுக் கதையைப் படமாக வரைந்து, கிளிப் போட்டு மாட்ட வேண்டும்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். படையைத் தொடையில் தேடியவன்கூட அக்கா கல்யாணத்தைச் சரியான இடத்தில் மாட்டினான். அடுத்து அவள். தாத்தா ஊரிலிருந்து ரயிலில் வந்த படத்தை ஜன்னலோரம் மாட்டினாள். சபாஷ் என்று வாய் வரை வந்துவிட்டது. பிறகு லிஃப்ட், பால்கனி எல்லாம் வைத்த பெரிய பில்டிங் படத்தை எடுத்தாள். அவள் வீட்டுக் குடிசையை இடித்துவிட்டு அரசாங்கம் தருவதாகச் சொல்லும் வீடு. நேரே கதவுப் பக்கம் போகவேண்டிய படம். மகராசி அதைக் கொண்டுபோய்த் தாத்தாவுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

"அடிப்பாவி! அது இனிமேதானேடி வரும்?" என்று கத்தியே விட்டேன்.

"இல்ல டீச்சர், இது பழசுதான்" என்றாள் அசையாமல். "எங்க தாத்தா ரயில்ல வந்து எறங்குன வருசமே சொல்லிட்டாவளாம், கல் வீடு கிடைக்கும்னு. பொறவு எங்கப்பாட்ட சொன்னாவ. இப்ப எங்கிட்டயும் சொல்லுதாவ. எங்க வீட்ல இதவிடப் பழைய கதை வேற இல்ல."

"எங்க வீட்லயும், டீச்சர்!" என்று நாலைந்து பேர் எழுந்தார்கள். கதவுப் பக்கம் மாட்டியிருந்த தங்கள் பில்டிங்குகளைக் கழற்றிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். என் கயிறு ஒரு பக்கமாகத் தொய்ந்துவிட்டது.

தலைமை ஆசிரியை எழுந்து வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் படத்துக்கு முன்னால் அவர் நின்றுகொண்டே இருந்தார். திலக் நகரில் அவருடைய வீட்டைப் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்று இடித்துப் போட்டு வருஷக்கணக்காகிறது, அவர் இன்னும் எங்கோ தள்ளி ஐரோலியில் வாடகைக்கு இருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இவ நாலாங்கிளாஸ்லயே இருக்கட்டும்" என்றார். பிறகு அவளிடம் குனிந்து, "எனக்கும் ஒரு பேப்பர் குடு, கண்ணு. என் வீட்டையும் அங்கேயே மாட்டணும்" என்றார்.