அம்மனைப் பார்க்க விசிட்டர் பாஸ்

அண்ணன் மகள் கல்யாணம் போன வாரம் நல்லபடியாக முடிந்தது. முடியட்டும் என்றுதான் காத்திருந்தேன். இனி எழுதலாம்.

பெண்ணும் மாப்பிள்ளையும் பெங்களூரில் ஒரே ஆபீஸ். பிடித்துப் போய், கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்தார்கள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் அண்ணி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் காலடியில் வைக்காமல் ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது! அச்சடித்து வந்த பத்திரிகைகள் ஓசூரில் அண்ணன் வீட்டு பீரோ மேல் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

சரி, வைத்துவிடலாம். எங்கே போய் வைப்பது?

அப்பா பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர். குலதெய்வம் எது என்று கேட்டால் "அம்மன்" என்பார். இந்த மாவட்டத்தில் அது ஒரு பதிலா? மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவை வந்தபோது அவர்களிடமும் கேட்டோம். "அம்மன்தாங்க... போயி ரொம்ப நாளாச்சு" என்றார்கள். இரு தரப்பும் திருப்தியாகக் காபி குடித்தோம்.

"நீங்கதான் பேப்பர்காரராச்சே தம்பி, கண்டுபிடிங்க" என்று வேலையை என் தலையில் கட்டினார் அண்ணி.

கையில் இருந்தவை இரண்டு. ஒன்று, அண்ணனுக்குக் காது குத்தியபோது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையோடு அண்ணன் அலறுகிறார். பின்னால் ஒரு சின்னக் கோயில். அதற்கும் பின்னால் ஒரு பாறை... உச்சியிலிருந்து மின்னல் மாதிரி இறங்கும் ஒரு விரிசல். இன்னொன்று, தாத்தா நிலம் விற்ற பத்திரத்தின் நகல். ஊர் பெயர் இருந்தது. எல்லைகளும் இருந்தன — வடக்கே அம்மன் கோயில் பாறை, தெற்கே வண்டிப் பாதை.

குருபரப்பள்ளி தாண்டி அந்த ஊருக்குப் போனோம். வண்டிப் பாதை இருந்தது. இப்போது அதில் கன்டெய்னர் லாரிகள் போகின்றன. டீக்கடைக்காரர் தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் இழுத்து, எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழில் முடித்தார்.

"அம்மன் பாறைங்களா? அது கம்பெனிக்குள்ள போயிடுச்சுங்க."

"அம்மன்?"

"அம்மனும்தான். பாறைய விட்டுட்டு அவ எங்க போவா? கேட்ல பாஸ் வாங்கிக்கங்க."

கேட்டில் செக்யூரிட்டி அசரவே இல்லை.

"யாரைப் பார்க்கணும்?"

"அம்மனை" என்றார் அண்ணி.

எழுதிக்கொண்டார். "லேப்டாப் இருக்கா? பென் டிரைவ்?" தேங்காயை உருட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் போன் கேமராக்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினார். தலைக்கு மஞ்சள் ஹெல்மெட், காலுக்கு சேஃப்டி ஷூ. பட்டுப்புடவைக்குக் கீழே அந்த ஷூவோடு அண்ணி நடந்த நடையைப் படம் எடுக்க முடியவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கம்ப்ரஸர் ஷெட்டுக்குப் பின்னால் கோயில். பளிச்சென்று வெள்ளையடித்து, சுற்றிலும் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே ஒரு போர்டு — சேஃப்டி ஷூ கட்டாயம். உள்ளே இன்னொரு போர்டு — காலணிகளைக் கழற்றவும். ஹெல்மெட் பற்றி இரண்டுமே ஒன்றும் சொல்லவில்லை. போட்டுக்கொண்டே கும்பிட்டோம்.

அண்ணி சூடத்தை எடுத்ததும் சேஃப்டி ஆபீசர் ஓடி வந்தார்.

"அக்கா, நெருப்புன்னா ஹாட் ஒர்க் பர்மிட் எடுக்கணும்."

"சூடத்துக்கா?"

"நான் திருநெல்வேலிக்காரன்க்கா. சாமி காரியத்துல குறுக்க நிக்க மாட்டேன். ஆனா பக்கத்துல டீசல் டேங்க் இருக்குல்லா!"

பர்மிட் வந்தது. கூடவே தீயணைப்பு சிலிண்டருடன் ஒரு ஆளும் வந்தார். சூடம் எரிந்தது. அவர் ஒரு கையில் சிலிண்டரைப் பிடித்தபடி மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அண்ணன் படத்தைத் தூக்கிப் பிடித்தார். பாறையைப் பார்த்தோம். அதே உச்சி, அதே மின்னல், அதே வளைவு. சந்தேகமே இல்லை. அண்ணி பத்திரிகையை அம்மன் காலடியில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

அப்போது இன்னொரு குடும்பம் வந்தது. ஹெல்மெட், ஷூ, கையில் பூஜைத் தட்டு.

அண்ணிக்கு மனசு நிறைந்திருந்த நேரம். "வாங்க வாங்க, நாங்க முடிச்சாச்சு. நீங்களும் நம்ம பங்காளிங்களா?"

"ஆமாங்க" என்று சிரித்தபடி முன்னால் வந்த அம்மாள் ஹெல்மெட்டைத் தூக்கினார்.

சம்பந்தியம்மா!

பின்னால் மாப்பிள்ளையின் அப்பா. தட்டில் தேங்காய், வெற்றிலை, கல்யாணப் பத்திரிகை. அதே பெண், அதே மாப்பிள்ளை.

ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி. பங்காளி என்றால் பெண்ணும் பையனும் அண்ணன் தங்கை முறை. எத்தனை தலைமுறைக்கு முந்தைய உறவோ, யாருக்குத் தெரியும்? ஆனாலும் எங்கள் வழக்கத்தில் கல்யாணம் கிடையாது. விஷயம் வெளியே போனால் இரண்டு பக்கப் பெரியவர்களும் நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். கம்ப்ரஸர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அண்ணிதான் முதலில் சுதாரித்தார். "இந்தச் சத்தத்துல ஒண்ணுமே காதுல விழல, இல்லீங்க சம்பந்தி?"

"ஆமாங்க, ஒண்ணுமே விழல" என்றார் சம்பந்தியம்மா. "எங்க ஓரகத்தி பையன் இங்க வேலை செய்யறான். பார்த்துப் பத்திரிகை வெச்சிட்டுப் போலாம்னு வந்தோம்."

"தேங்காயோடவா?" என்றார் அண்ணன். அண்ணி பார்த்த பார்வையில் அடங்கினார்.

"நாங்களும் சாமிக்குன்னு வரலீங்க" என்றார் அண்ணி. முதுகுக்குப் பின்னால் சூடம் எரிந்துகொண்டிருந்தது. "தம்பி இந்தக் கம்பெனியைப் பத்திப் பேப்பர்ல எழுதறாரு. துணைக்கு வந்தோம்."

சிலிண்டர்காரர் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். வைத்த பத்திரிகையை அண்ணி திரும்ப எடுக்கவில்லை. அவர்கள் தட்டில் இருந்ததும் எப்படியோ அதன் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. நான் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரில் அண்ணி அந்தப் பழைய படத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். "தம்பி, இது அந்தப் பாறையே இல்ல. இதுல விரிசல் இடது பக்கம் போகுது. அங்க வலது பக்கம்."

"இல்லைங்க அண்ணி, நான் நல்லா..."

"போட்டோ எடுத்தீங்களா?"

எங்கே எடுப்பது? ஸ்டிக்கர்!

அண்ணனைக் கேட்டேன். "நான் அப்ப அழுதுட்டு இருந்தேன். பாறைய எங்க பார்த்தேன்?" என்றார்.

அன்று மாலையே பத்திரிகைக் கட்டு பிரிந்தது.

கல்யாணப் பந்தியில் சம்பந்தியம்மா என் இலைக்கு இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொல்லிவிட்டு, சிரிக்காமல் கேட்டார்: "ஏங்க, அந்தக் கம்பெனி கட்டுரை இன்னும் வரலையே?"

அண்ணி பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாது. எனவே — கம்பெனி நன்றாக இருக்கிறது. உள்ளே நிறைய மரம் வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகள் பிரமாதம்.