சாமித்தம்பி கிளாக்கரின் பெட்டி

சாமித்தம்பி கிளாக்கர் போய்விட்டார் என்ற செய்தியை ஏறாவூர் மீராசாகிபு கொண்டுவந்தபோது நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். மீராசாகிபு அரசாங்கக் கந்தோர்ப் பியோன். கிளாக்கருக்குக் கீழே பல வருஷம் நின்றவன். "முப்பத்தோராம் நாளுக்கு அவர்ர நினைவாக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிறாங்க அக்கா. நீங்களும் ஒரு துண்டு எழுதித் தாங்க" என்றான். மிச்ச இறாலையும் உரித்து முடித்துவிட்டுத்தான் கை கழுவினேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் அவரை அறிந்த உங்களுக்கு எழுதுகிறேன். துண்டு எழுத என்னைப் பழக்கியவரே அவர்தான்.

முந்திக் கந்தோர் விறாந்தை சந்தை மாதிரி இருக்கும். தயிர்ச்சட்டியோடு வந்தவனுக்கு முதலில் காரியம் நடக்கும். தொண்டை பெருத்தவனுக்கு அடுத்தது. வெறுங்கையோடு வந்தவள் நாலு நாள் குந்தியிருப்பாள். அதை ஒழித்தவர் கிளாக்கர். பொய் சொல்லமாட்டேன், ஒரு தேங்காய்கூட அவர் யாரிடமும் வாங்கியதில்லை. பூட்டுப் போட்ட பலகைப் பெட்டி ஒன்றை விறாந்தைச் சுவரில் அடித்தார். அரிசிக் கூப்பனோ காணியோ, எதுவானாலும் துண்டுக் கடதாசியில் எழுதி அதற்குள் போடவேண்டும். வெள்ளிக்கிழமை திறப்பார். அடியில் கிடப்பதை முதலில் பார்ப்பார். "என்ட காதுல போட்டா மறந்திருவன். பெட்டியில போட்டா மறக்கமாட்டன்" என்பார்.

முதல் வெள்ளிக்கிழமை திறந்தபோது துண்டுகளோடு வெற்றிலையும், மஞ்சள் துணியில் முடிந்த நெல்லும் விழுந்தன. யாரோ பூட்டுக்குச் சந்தனமும் பூசியிருந்தார்கள். "இதென்ன கோயிலா?" என்று கிளாக்கர் சத்தம் போட்டார். நெல் முடிந்து போட்ட கிழவர் அமைதியாகச் சொன்னார்: "கோயில்லயும் சாமி பேசாதுதானே ஐயா. உள்ளுக்க இரிக்கி எண்டு நம்பித்தானே போடுறம்." விறாந்தை சிரித்தது. கிளாக்கர் சிரிக்கவில்லை.

சண்டைக்காலத்தில் என் தங்கை சின்னப்பிள்ளை புருஷனை இழந்து, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து தோணி ஏறி, இந்தப் பக்கம் எழுவான்கரைக்கு என்னிடம் வந்தாள். அவளுடைய கூப்பன் அந்தக் கரையில் பதிந்தது. இந்தக் கரைக்கு மாற்றினால்தான் இங்கே அரிசி தருவார்கள். என் வீட்டில் ஏழு வாய். அவளுக்கோ காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. குளத்து ஒல்லிக்கிழங்கை அவித்துத்தான் கொடுத்தேன். நான் எழுதிய முதல் துண்டு, பழைய ஊரின் பெயர் இல்லையென்று சிவப்பு மையோடு திரும்பியது. இரண்டாவது, பெருவிரல் அடையாளம் இல்லையென்று திரும்பியது.

மூன்றாம் தரம் ஆளையே கூட்டிக்கொண்டுபோய்ப் படியில் இருத்தினேன். ஜன்னலுக்கு உள்ளே கிளாக்கர் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஆளே வந்திருக்கு. ஒருக்கா எட்டிப் பாருங்க."

அவர் தலை தூக்கவில்லை. "பாத்தா எனக்கு மனம் இளகிரும். பிறகு வரிசையில கிடக்கிறவளுக்கு அநியாயம். அதுக்குத்தான் பெட்டி. துண்டு எழுதிப் போடுங்க."

விரல் அடையாளம் வைத்துப் போட்டோம். அடுத்த திங்கட்கிழமை சின்னப்பிள்ளை செத்தாள். அந்த வெள்ளிக்கிழமை மீராசாகிபு கூப்பனை வீட்டுக்கே கொண்டுவந்தான். அச்சடித்த மாதிரி அழகான கையெழுத்து. பெயரில் ஒரு பிழை இல்லை.

அந்த மாதம்தான் பெரிய துரை வந்து, விறாந்தையில் ஒரு சனம் இல்லாததைப் பார்த்து, நல்ல கந்தோர் என்று புகழ்ந்துவிட்டுப் போனார். மற்றக் கந்தோர்களுக்கும் பெட்டி அடிக்கச் சொன்னாராம்.

கிளாக்கர் பென்சன் எடுத்தபின் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்தது. படுவான்கரையில் இருக்கும் மகள் வீட்டோடு போய் இருக்க நினைத்தார். அதற்கு அவருடைய கூப்பனையும் மாற்றவேண்டும். ஒருநாள் நான் கந்தோருக்குப் போனபோது, சின்னப்பிள்ளை இருந்த அதே படியில் அவர் இருந்தார். புதுக் கிளாக்கர் உள்ளேயிருந்து, "துண்டு எழுதிப் போடுங்க ஐயா" என்று சொல்லியிருக்கிறான். இடது கையால் ஒரு துண்டு கிறுக்கி வைத்திருந்தார். கோழி கிளறின மாதிரி எழுத்து. படியேறக் காலும் வரவில்லை.

"அம்மா, இத அந்தப் பெட்டியில போட்டுவிடுங்க. மறந்திராதீங்க" என்றார். என்னை ஆரென்று அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர்தான் ஒருநாளும் தலை தூக்கவில்லையே.

"கையில தந்திரிக்கிறீங்க. மறக்கமாட்டன் ஐயா" என்றேன்.

மூன்று வெள்ளிக்கிழமையும் ஆளனுப்பிக் கேட்டாராம். மீராசாகிபு பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினானாம். நாலாம் வெள்ளிக்கு முன் அவர் போய்விட்டார். பசியால் அல்ல, வாதத்தால்தான் என்று மகள் சொல்லுகிறாள். மகள் வீட்டுக்குப் போகாமலே போனார் என்றும் அவளே சொல்லி அழுகிறாள்.

மீராசாகிபு, இனித் தேடவேண்டாம். கந்தோரையும் யாரும் குறை சொல்லவேண்டாம். நான் மறக்கவில்லை; போடவில்லை. அவருடைய துண்டு என் பெட்டகத்தில், சின்னப்பிள்ளையின் கூப்பனுக்குள் மடித்தபடி இருக்கிறது.